பணச் சோழியா, வளையச் சோழியா? ஓட்டைப் பார்த்து இனம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாயக்கட்டத்துக்கு உருட்டும் சோழி, பழைய பெட்டியில் கிடந்த பலகறை (சோழிக்கு இன்னொரு பெயர்), கடற்கரையில் கண்ணில் பட்ட மஞ்சள் ஓடு என்று படம் அனுப்பிப் பலரும் கேட்பது ஒரே கேள்வி: "இது என்ன இனம்?" பெரும்பாலும் விடை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும் பிரித்தறியும் வழியும், அவற்றோடு குழம்பக்கூடிய மற்றவற்றைப் பற்றிய குறிப்புகளும் இங்கே.

எந்த இரண்டு இனங்கள்?

ஒன்று பணச் சோழி. அறிவியல் பெயர் மோனிடேரியா மொனேட்டா. இன்னொன்று வளையச் சோழி, மோனிடேரியா அனுலஸ். இரண்டுக்கும் 1758-ல் பெயரிட்டவர் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். அப்போது இரண்டையும் சிப்ரேயா என்ற பேரினத்தில் வைத்தார். பழைய புத்தகங்களில் சிப்ரேயா மொனேட்டா, சிப்ரேயா அனுலஸ் என்றே இருக்கும். வேறு உயிர்களோ என்று குழம்ப வேண்டாம், அவையேதான் இவை.

இரண்டும் கடல் நத்தைகள். ஓடு பெரும்பாலும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி இந்தியப் பெருங்கடல் முழுக்க, பசிபிக் தீவுகள் வரை இரண்டும் பரவியிருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையிலும் லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் இரண்டும் உண்டு. அதனால் "நம்ம ஊர்க் கரையில் கிடைத்தது" என்பதை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. ஓட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டை எப்படிப் பிடித்துப் பார்ப்பது? எது முன், எது பின்?

உருண்டு மேடாக இருப்பது முதுகு. தட்டையாக, நடுவில் நீளப் பிளவோடு இருப்பது அடிப்பக்கம். அந்தப் பிளவுதான் வாய். வாயின் இரு ஓரத்திலும் வரிசையாகப் பற்கள். இவை கடிப்பதற்கான பற்கள் அல்ல, ஓட்டின் மடிப்புகள். உணவைச் சுரண்டும் பற்கள் நத்தையின் வாய்க்குள் தனியாக, ஒரு நாடாவில் இருக்கின்றன.

நத்தையின் தலை வெளிவரும் முனை முன்முனை; அது சற்றுக் குறுகலாக இருக்கும். அகன்ற முனை பின்முனை. மற்ற நத்தைகளில் தெரியும் சுருள் உச்சி சோழியில் இந்தப் பின்முனைக்குள் புதைந்துபோயிருக்கும். முன் பின் தெரிந்துகொள்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. பணச் சோழியை அடையாளம் காட்டும் முக்கியமான அம்சம் பின்முனைப் பக்கம்தான் இருக்கிறது.

சரி, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

நிறத்தை மறந்துவிட்டு ஓரத்தைப் பாருங்கள். நான் சொல்லக்கூடியதில் இதுதான் முக்கியம்.

வளையச் சோழியின் ஓரம் வழவழவென்று ஒரே வளைவாக ஓடும். மேலிருந்து பார்த்தால் முட்டை வடிவம். ஓரத்தில் நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டினால் எங்கேயும் தடுக்காது.

பணச் சோழியின் ஓரம் தடித்து, முண்டு முண்டாக இருக்கும். பின்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரு பக்கமும் ஓடு திடீரென்று அகன்று தோள் போட்டிருக்கும். அந்தத் தோளிலும் அதற்குப் பின்னாலும் முண்டுகள் நன்றாகத் தெரியும். நகத்தை ஓட்டினால் அங்கே ஏறி இறங்கும். மேலிருந்து பார்த்தால் முட்டையாகத் தெரியாது. கோணல் மாணலான அறுகோணம் போலவோ சாய்சதுரம் போலவோ தெரியும். முதுகு மேடும் ஓரத்துத் தடிப்பும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் ஓடும். விரல் நுனியாலேயே அதை உணரலாம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. ஓட்டை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, பென்சிலை நேராக நிறுத்திச் சுற்றிக் கோடு போடுங்கள். பிறகு ஓட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கோட்டை மட்டும் பாருங்கள். நிறமும் பளபளப்பும் இல்லாமல் வடிவம் மட்டும் தாளில் இருக்கும். கோடு மடங்காமல் ஓடினால் வளையச் சோழி. பின்பக்கம் தோள் உடைந்து திரும்பினால் பணச் சோழி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். கண் பழகிவிட்டால் அப்புறம் தாள் தேவைப்படாது.

நிறத்தைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையச் சோழியின் முதுகில் ஆரஞ்சு மஞ்சளில் ஒரு வளையம். உள்ளே நீலம் கலந்த சாம்பல், வெளியே வெளிறிய சாம்பலோ கிரீம் நிறமோ. பணச் சோழி வெள்ளையிலிருந்து எலுமிச்சை மஞ்சள், ஆழ்ந்த மஞ்சள் வரை இருக்கும். முதுகின் குறுக்கே மங்கலான சாம்பல் பட்டைகள் தெரியலாம்.

முதுகில் மஞ்சள் வளையம் இருந்தாலே வளையச் சோழிதானே?

இல்லை. பணச் சோழியிலும் சிலவற்றின் முதுகில் மெல்லிய பொன்னிறக் கோடு வட்டமாக ஓடும். வளையத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதால்தான் இந்த இரண்டிலும் அதிகம் தவறு நடக்கிறது. பணச் சோழியில் அந்தக் கோடு பெரும்பாலும் நூல் போல மெல்லியதாக இருக்கும். வளையத்துக்கு உள்ளும் வெளியும் நிற வேறுபாடு அவ்வளவாக இருக்காது. வளையச் சோழியில் வளையம் அகலமாக, அழுத்தமாக இருக்கும்; உள்நிறமும் வெளிநிறமும் தனித்தனியாகத் தெரியும்.

எப்படியிருந்தாலும் வளையம் ஒன்று சொல்லி ஓரம் வேறொன்று சொன்னால், ஓரத்தின் பேச்சைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது ஊதா நிறம். இது வேறு இனமா?

பெரும்பாலும் இல்லை, தேய்ந்த ஓடு. சோழியின் ஓடு அடுக்கடுக்காக உருவாவது. மேலே உள்ள மஞ்சள் அல்லது கிரீம் அடுக்கு மணலிலும் அலையிலும் உரசித் தேய்ந்ததும் அடியில் உள்ள ஊதா அடுக்கு வெளிப்படும். முதுகு உச்சியில்தான் தேய்மானம் அதிகம் என்பதால் ஊதாத் திட்டு அங்கேயே முதலில் தெரியும். இன்னும் தேய்ந்தால் வெளுத்துவிடும். கடைசியில் முதுகில் துளை விழும்.

இப்படித் தேய்ந்த ஓட்டில் வளையம் முழுதாக அழிந்திருக்கும். முண்டுகளோ தடித்த பகுதி என்பதால் வெகுநாள் தாங்கும். ஓரத்தை நம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுகை வெட்டி எடுத்த சோழியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மாலை கோக்கவும், துணியில் தைக்கவும், மாட்டுக் கழுத்துப் பட்டையில் கட்டவும் முதுகுக் குமிழை நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது அடிப்பக்கமும் அதைச் சுற்றிய ஓரமும்தான். நிறம் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் நமக்கு வேண்டியது அப்படியே இருக்கிறது. அடிப்பக்கத்தின் சுற்றுவடிவத்தைப் பாருங்கள்: முட்டையா, கோணலா? பின்முனை அருகே இரு பக்கமும் முண்டு உண்டா? இதே பென்சில் கோட்டு வழி இங்கேயும் வேலை செய்யும். முழு ஓட்டைவிடத் தட்டையாகப் படிவதால் கோடு இன்னும் சுத்தமாகவே விழும்.

அகழாய்வில் கிடைப்பவையும் பெரும்பாலும் வெட்டியவையோ உடைந்தவையோதான். அங்கேயும் ஓரமும் அடிப்பக்கமும்தான் துணை.

பற்களை எண்ணினால் தெரியாதா?

இந்த இரண்டுக்கும் அது உதவாது. இரண்டிலும் பற்கள் தடித்து, எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். ஒரே இனத்துக்குள்ளேயே ஓட்டுக்கு ஓடு மாறும். நுண்பற்கள் நெருக்கமாக உள்ள மற்ற சோழிகளிலிருந்து இந்தப் பேரினத்துச் சோழிகளைத் தனியே பிரிக்க மட்டும் பற்கள் கைகொடுக்கும்.

சின்னதாக இருந்தால் குட்டி, பெரிதாக இருந்தால் வயதானது என்று கொள்ளலாமா?

கூடாது. சோழி வளரும் விதமே தனி. இளம் பருவத்தில் ஓடு மெல்லியதாக, வாய் அகலமாக, பற்கள் இல்லாமல், பின்முனையில் சுருள் தெரிய இருக்கும். அந்த நிலையில் பார்த்தால் சோழி என்றே சொல்ல மாட்டீர்கள். முதிர்ச்சி வந்ததும் வெளி உதடு உள்நோக்கிச் சுருண்டு, வாய் குறுகி, பற்கள் உருவாகின்றன. அதற்குப் பிறகு நீளம் கூடுவதில்லை. தடிப்புதான் கூடும்: ஓரத்திலும் அடிப்பக்கத்திலும் மேலும் மேலும் பூச்சு ஏறும்.

ஆகவே ஒன்றரை சென்டிமீட்டர் சோழி முழு வளர்ச்சியடைந்ததாக இருக்கலாம். அதைவிட நீளமான மெல்லிய ஓடு இளசாக இருக்கலாம். பற்கள் இருக்கின்றனவா, ஓரம் தடித்திருக்கிறதா என்று பார்த்தால் முதிர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இப்போதுதான் முதிர்ந்த பணச் சோழியில் முண்டுகள் இன்னும் சரியாக ஏறியிருக்காது. வடிவம் வளையச் சோழி போல மழுங்கலாகத் தெரியும். அப்போது பின்பக்கம் தோள் அகன்றிருக்கிறதா, முதுகில் குறுக்குப் பட்டை உண்டா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படியும் முடிவுக்கு வர முடியாவிட்டால் "மோனிடேரியா பேரினம், இனம் உறுதியில்லை" என்று எழுதி வையுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட இது எவ்வளவோ மேல்.

ஓரம் அடர் பழுப்பாக, முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒன்று கிடைத்தது. அது?

பாம்புத்தலைச் சோழி, மோனிடேரியா கபுட்செர்பெண்டிஸ். இதுவும் அதே பேரினம்தான். முதுகு பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஓரத்தைச் சுற்றி அகன்ற கரும்பழுப்புப் பட்டை. இரு முனைகளிலும் வெளிறிய திட்டு. பக்கவாட்டில் பார்த்தால் அடி பரந்து முதுகு தாழ்ந்திருக்கும். அலை மோதும் பாறைகளில் வாழ்வது. அந்த உடலமைப்பு அலைக்கு ஏற்றது. புதிதாகக் கிடைத்த ஓடு என்றால் இதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

பணச் சோழியிலேயே ஒன்றுக்கொன்று இவ்வளவு வேறுபாடு ஏன்?

இது அந்த இனத்தின் இயல்பு. ஒரே பாறைத்திட்டில் எடுத்த பணச் சோழிகளில் ஒன்று ஒல்லியாக, இன்னொன்று குட்டையாக, மூன்றாவது முண்டுகள் பெருத்துக் கட்டையாக இருக்கும். முற்காலத்துச் சேகரிப்பாளர்கள் இந்த வடிவங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். இன்று அவை ஒரே இனத்துக்குள் அடங்குகின்றன. பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாவில் கறுத்த நிறத்தில், இரு முனைகளும் மூக்கு போல நீண்டு வளைந்த பணச் சோழிகள் கிடைக்கின்றன. முதல்முறை பார்ப்பவர் புதிய இனம் என்றே நினைப்பார்.

சோழி மாதிரியே இருந்து சோழியாக இல்லாதவை உண்டா?

உண்டு. முதுகில் குறுக்கே வரி வரியாக மேடுகள் ஓடும் மிகச் சிறிய ஓடு கிடைத்தால் அது டிரிவியிடே குடும்பம். பணச் சோழியின் முதுகு வழவழப்பாகவே இருக்கும். பற்களின் மடிப்பு முதுகுக்கு ஏறாது. முட்டைச் சோழி என்று சொல்லும் ஓவுலா பேரினம் பால் வெள்ளையாக, பெரிதாக இருக்கும்; வாயின் ஒரு ஓரத்தில்தான் பற்கள், மறு ஓரம் மொழுமொழுவென்று இருக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: கூம்பு நத்தை. இதற்கும் வாய் நீளப் பிளவுதான், ஆனால் பற்கள் கிடையாது. ஓடு ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூம்பும், அகன்ற பக்கத்தில் சுருள் தெரியும். உயிரோடு இருந்தால் விஷ முள்ளால் குத்தும். கோனஸ் ஜியாகிராபஸ் என்ற இனம் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் ஓட்டை அடையாளம் தெரியாமல் வெறுங்கையால் எடுக்கவே வேண்டாம்.

உயிருள்ள சோழி எப்படி இருக்கும்?

ஓடே தெரியாமல் இருக்கலாம். இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய சதைப் போர்வை எழும்பி முதுகை மூடிக்கொள்ளும். அந்தப் போர்வைதான் ஓட்டுக்குப் பூச்சு ஏற்றுவது. கடலில் உள்ள மற்ற நத்தை ஓடுகள் பாசி படிந்து சொரசொரப்பாக இருக்கும்போது சோழி மட்டும் மெருகு போட்டது போல மின்னுவது அதனால்தான். தொட்டால் போர்வை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாயை அடைக்கும் மூடி முதிர்ந்த சோழிக்குக் கிடையாது. பகலில் கல்லுக்கு அடியில், செத்த பவளத்தின் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் பாசியை மேயும். பெண் சோழி முட்டைகளை இட்டு, தன் பாதத்தால் அவற்றை மூடியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். கல்லைப் புரட்டியபோது அப்படி ஒன்றைக் கண்டால் கல்லை இருந்தபடியே மெதுவாக வைத்துவிடுங்கள். தாயை நகர்த்தினால் முட்டைகள் மற்ற உயிர்களுக்கு இரையாகிவிடும்.

பழைய சோழிக் குவியலில் இரண்டு இனமும் கலந்திருப்பது ஏன்?

பணமாகப் புழங்கிய வரலாறுதான் காரணம். மாலத்தீவுதான் பணச் சோழிக்குப் பேர்போன இடம். 1343-ல் அங்கே போன மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, சோழியைக் கடலிலிருந்து எடுத்து, குழியில் போட்டு, சதை அழுகி வெள்ளை ஓடு மிஞ்சும்வரை விட்டுவைத்ததையும், நான்கு லட்சம் சோழி ஒரு தங்க தினாருக்குப் போனதையும், விலை இறங்கினால் அதற்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார். வங்காளத்துக்கு அரிசிக்கு மாற்றாகச் சோழி போனது. நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பண், பதினாறு பண் ஒரு காகன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில்ஹெட்டில் (இன்றைய வங்கதேசத்தில் உள்ளது) நான்கு காகன், அதாவது 5120 சோழி, ஒரு ரூபாய்க்குச் சமமாக இருந்தது. நிலவரியையே அங்கே சோழியாகச் செலுத்தினார்கள்.

போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தச் சோழியை ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்களை அடிமையாக வாங்கவும் அது விலையாயிற்று. மாலத்தீவுச் சோழி சிறியது, எடை குறைந்தது. கப்பலில் ஏற்ற வசதி. 1840-களில் ஜெர்மானிய வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் பக்கத்து வளையச் சோழியைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்கினார்கள். அது பெரிது, கனம், ஆனால் மலிவு. அதன் வரத்தால் அங்கே சோழியின் மதிப்பே சரிந்தது.

ஆகவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பழைய மாலையில் வளையச் சோழி மிகுதியாக இருந்தால் 19-ஆம் நூற்றாண்டு வரத்து என்று ஊகிக்க இடம் உண்டு. ஊகம்தான், அதை மட்டும் வைத்துக் காலம் குறிக்கக் கூடாது.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பலகறை எது?

பலகறை பற்பம் என்ற மருந்துச் சாம்பல் செய்யச் சித்த மருத்துவத்தில் சோழியைச் சுத்தி செய்து, புடம் போட்டு எரிக்கிறார்கள். மருந்துக்கு மஞ்சள் நிறமும் முதுகில் முண்டும் உள்ளதே உயர்ந்தது என்று பழைய ரச நூல்கள் சொல்கின்றன. அந்த வருணனை பணச் சோழிக்கே பொருந்துகிறது. நிறத்தோடு நிற்காமல் முண்டையும் சேர்த்துச் சொன்னார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கடைப் பொட்டலத்தில் வளையச் சோழியும் வேறு சிறு சோழிகளும் கலந்திருக்கலாம். மருந்து செய்பவர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ராமேசுவரத்திலோ கன்னியாகுமரியிலோ கடையில் வாங்கியதை வைத்து "இந்தக் கடலில் இது இருக்கிறது" என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. கடைக்கு வரும் ஓடு எந்தக் கடலிலிருந்தும் வந்திருக்கலாம். அமிலத்தில் கழுவி மெருகேற்றியும் இருப்பார்கள். இனம் கண்டு பழக அவை போதும். கரையோரப் பதிவுக்கு, எந்தக் கரையில், எந்தத் தேதியில் கண்டீர்கள் என்ற விவரம் உள்ள ஓடு மட்டுமே செல்லும்.

உண்மையான ஓடா, வார்ப்பா என்ற சந்தேகத்துக்கு வினிகர் ஊற்றிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், உண்மையான ஓடாக இருந்தால் மெருகு போய்விடும். இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைத்துப் பற்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பல், ஒரே புடைப்பு என்றால் அச்சில் வார்த்தவை.

கரையில் கிடக்கும் ஓட்டை எடுத்துக்கொள்ளலாமா?

இடத்தைப் பொறுத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து எதையும் எடுக்க அனுமதி இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-ல் சில சங்கு, சிப்பி இனங்களோடு மூன்று சோழி இனங்களும் சேர்ந்தன. பணச் சோழியும் வளையச் சோழியும் அவற்றில் இல்லை. ஆனால் 2022 திருத்தத்தில் பட்டியல்கள் மாற்றியமைக்கப்பட்டன. சேகரிக்க நினைப்பவர் இப்போதைய பட்டியலைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். என் விருப்பத்தைக் கேட்டால், படம் எடுத்துக்கொண்டு ஓட்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனம் கேட்டுப் படம் அனுப்புவதென்றால் எப்படி எடுக்க வேண்டும்?

முதுகு, அடிப்பக்கம், ஒரு பக்கவாட்டு, பின்முனை என நான்கு படம். முதுகுப் படம் மட்டும் வந்தால் பல நேரம் பதில் சொல்ல முடியாது. கேமரா ஓட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்த்து எடுத்தால் முட்டை வடிவமும் கோணலாகத் தெரியும். பளபளப்பான ஓடு என்பதால் ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஓடு ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள், நீர்ப்படலம் முண்டுகளின் நிழலை அழித்துவிடும். கிடைத்த ஊர், தேதி, பாறைக்கரையா மணலா கடற்புல்லா என்பதையும் படத்தோடு எழுதி அனுப்புங்கள்.